தலைக்கட்டு வரி

எங்கள் குப்பத்துச் சமுதாயக் கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணம் திரட்டியபோது, அதற்கான நோட்டீசை எழுதியது நான்தான். பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும் என்பதால் மாநகராட்சிக்கு மனு, ரேஷன் கடைக்குப் புகார், பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எல்லாவற்றுக்கும் ஊர் என் வீட்டுக்குத்தான் வரும். காலையில் மீன் விற்பேன், சாயங்காலம் மனு எழுதுவேன். இரண்டிலும் முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

'தலைக்கட்டு ஒன்றுக்கு ரூபாய் ஐயாயிரம். எந்தத் தலைக்கட்டும் விடுபடாமல் செலுத்தி ஒத்துழைக்கவும்' என்று எழுதினேன். 'விடுபடாமல்' என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். போட்டுவிட்டுத்தான் உறைத்தது. விடுபட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமான ஆண் இருக்கிற வீட்டைத்தான் எங்கள் ஊரில் தலைக்கட்டு என்பார்கள். அவன் பேர் ஊர் வரிப் புத்தகத்தில் இருக்கும். அவன் போய்விட்டால் பேரை அடித்துவிட்டு, கல்யாணமான மகன் இருந்தால் அவன் பேரை எழுதுவார்கள். எனக்கு ஒரே பெண். என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன மறுமாதம் அவர் பேர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்கள். அதற்கு அப்புறம் எங்கள் வீடு புத்தகத்தில் இல்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. ஆண் துணை இல்லாதவளிடம் வரி வாங்கினால் ஊருக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதே இரக்கத்தைக் கரையிலும் பார்க்கலாம். காலையில் போட்டுகள் வந்ததும் மணலிலேயே மீன் ஏலம் நடக்கும். புருஷன் இல்லாத ஒருத்தி ஒரு கூடைக்கு விலை சொல்லிவிட்டால் அவளுக்கு மேலே யாரும் விலை ஏற்றிக் கேட்க மாட்டார்கள். பெரிய வியாபாரிகூட வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்ப்பார். நெத்திலியும் சங்கராவும் அப்படி நயமாகக் கிடைத்ததால்தான் அன்னக்கூடையில் தூக்கிப்போய் விம்கோ நகரில் தெருத்தெருவாக விற்று, என் பெண்ணை பி.காம். படிக்க வைத்தேன். நன்றி கெட்டவள் இல்லை நான்.

ஆனால் அடித்த பேர் அடித்ததுதான். ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு குரல் என்பார்கள். எனக்குக் குரல் இல்லை. கூட்டத்துக்கான மனுவை மட்டும் நான் எழுத வேண்டும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்க முடியாதது இன்னொன்று. கல்யாண நிச்சயத்தின்போது ஊர் சபையில் தலைக்கட்டின் பேரைச் சொல்லி, 'இன்னார் வூட்டுப் பொண்ணு' என்று கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுப்பார்கள். புத்தகத்தில் பேர் இல்லாத வீடு என்றால் பங்காளி பேரைச் சொல்வார்கள். என் பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். கூடம் எழும்பியதும் நிச்சயம் என்று இரண்டு வீடும் ஒத்துக்கொண்டிருந்தது. அந்தச் சபையில் அவளை என் கொழுந்தன் வீட்டுப் பெண் என்று கூப்பிடுவார்கள்.

என் கொழுந்தன் தங்கமான மனுஷர். என் வீட்டுக்காரரின் தம்பி. குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு, ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மழையில் என் கூரை பறந்தபோது தார்ப்பாய் போட்டவர் அவர். பெண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்ட வரிசையில் நின்றவர் அவர். எல்லாம் சரி. ஆனாலும் அவள் என் வீட்டுப் பெண். ஒரு வீடு என்று சொல்ல அங்கே நானும் அவளும் பன்னிரண்டு வருஷம் அடுப்பு மூட்டியிருக்கிறோம். அதை வீடு இல்லை என்று ஒரு புத்தகம் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மாதா கோயில், ஒரு பக்கம் அம்மன் கோயில், நடுவில் இது. இரண்டு கோயில் ஆட்களுக்கும் பொது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் இறங்கி, இரண்டு லாரிக்கு இடையில் ஒடுங்கி நுழைந்தால் எதிரே தெரியும். புயல் என்றால் மொத்த ஊரும் அதற்குள்தான் படுக்கும். வலை காய்வதும் அங்கே, வளைகாப்பும் அங்கே. கடல் காற்று சும்மா விடுமா? உப்பு ஏறி ஏறிக் கூரையில் கம்பி பல்லை இளித்துக்கொண்டு நின்றது. போன வருஷம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில், பந்தி நடக்கும்போது மேலிருந்து ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து நேராகப் பாயச அண்டாவில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. சமையல்காரர் மட்டும் "நல்லவேளை, முந்திரி போடறதுக்கு முன்னாடி வுழுந்துச்சு" என்றார். அன்றைக்குத்தான் இடித்துக் கட்டுவது என்று முடிவானது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் ஐயாயிரம் ரூபாயை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். தலைவர் எனக்கு மூத்தார் முறை, மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் கணக்கு எழுதுகிறவரும் என் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். பணத்தை நீட்டினேன்.

"இன்னாம்மா இது?" என்றார் தலைவர்.

"வரி மாமா. எங்க வூட்டு வரி."

அவர் பாம்பைப் பார்த்ததுபோல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "உன்னாண்ட வாங்கினா அந்தப் பாவத்த நான் எங்க போய்த் தொலைக்கறது? எட்தும் போய் பொண்ணுக்கு எதனா வாங்கு."

"பொண்ணுக்குத்தான் மாமா வாங்க வந்திருக்கேன். எங்க வூட்ட புக்குல எழுதுங்க."

"ஆம்பள இல்லாத வூட்ட எப்டிம்மா எழுதறது? வழக்கம்னு ஒண்ணு கீதுல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "அவ்ளோ ஆசையா இருந்தா நன்கொடை நோட்டுல எழுதிக்கலாம். உன் பேரு மைக்குல சொல்லுவாங்கோ" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நன்கொடை நோட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பட்டியலையும் நானே எழுதினேன். ஐஸ் பேக்டரி முதலாளி, வலைக்கடைக்காரர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர். எல்லாரும் வெளியாட்கள். நல்லவர்கள்தான், மாலை போட்டு அனுப்பிவிடுவோம். வரி கொடுக்கிறவன் ஊர். நன்கொடை கொடுக்கிறவன் விருந்தாளி. பதினெட்டு வயசில் வாக்கப்பட்டு வந்த ஊருக்கு நான் விருந்தாளியா?

"மாலை வேற போடுவீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுப் பையைச் சுருட்டினேன்.

கொழுந்தன் பின்னாலேயே வந்தார். "இன்னாத்துக்கு அண்ணி இவ்ளோ பேஜாரு? நான் கீறேன்ல. உன் வூட்டுக்கும் சேத்து நான் கட்டிர்றேன்."

"நீங்க கட்டினா உங்க பேரு ரெண்டு தபா இருக்கும் தம்பி. என் வூடு ஒரு தபாகூட இருக்காது."

"அப்போ நான் வேற, நீ வேறயா?"

வேறதான் என்று சொன்னால் நன்றி கெட்டவள். வேற இல்லை என்று சொன்னால் பணத்தை எடுத்துக்கொண்டு ஏன் அலைகிறேன்? நான் சும்மா நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். தினம் வியாபாரம் முடிந்து என் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவர், அதற்கு அப்புறம் வரவில்லை.

போதாததற்கு கருவாட்டுப் பெரியம்மா வேறு வந்து பிடித்துக்கொண்டாள். என்னைப்போலவே வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள், கருவாடு காயவைத்து விற்கிறவள், வாய் மட்டும் காயாது. "ஏமே, நீ வரி கட்றேன்னு கெளம்பினா, நாளைக்கு எல்லா முண்டச்சியும் கட்டுன்னுவான். கரையில எதுத்துக் கேக்க ஆரம்பிச்சிருவான். உன் ரோஷத்துக்கு என் வயித்துல மண்ணப் போடாத" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

இரண்டு மாதம் போனது. தலைக்கட்டு வரி வந்தது, நன்கொடை வந்தது, ஆனாலும் கூரை போடப் பணம் பற்றவில்லை. அப்போது தலைவர் 'ஊர் பாடு' அறிவித்தார். பாடு என்றால் ஒரு நாள் வலையில் விழுகிறது. ஊர் பாடு அன்றைக்கு எல்லாப் போட்டும் கடலுக்குப் போக வேண்டும், பிடிக்கிற மீன் அத்தனையும் ஊருக்கு. டீசல் மட்டும் அவரவர் செலவு. வந்ததில் நல்ல மீனாக ஒன்றைத் தனியாக எடுத்து, வேப்பிலையில் வைத்து, முதலில் ஏலம் விடுவார்கள். அதற்கு ஊர் மீன் என்று பேர். அதை எடுத்தவர் பேரை ஊர் வரிப் புத்தகத்தில், அந்தக் காரியத்துக்கான பக்கத்தில், முதல் வரியில் எழுத வேண்டும். இது வழக்கம். போட்டு முதலாளிகள் கௌரவத்துக்காக அடித்துப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

அந்த நோட்டீசையும் நானே எழுதினேன். 'ஊர் மீனை எடுப்பவர் பெயர் வரிப் புத்தகத்தில் முதலாவதாக எழுதப்படும்' என்று எழுதிவிட்டு, அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். எடுப்பவர் ஆணா பெண்ணா, தலைக்கட்டா இல்லையா என்று வழக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. இதுவரை முதலாளிகளைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. மேலும் எங்கள் கரையில் ஏலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாய்விட்டுக் கேட்டவரை ஒதுக்க முடியாது. கேட்ட விலை செதில் மாதிரி, உதிர்ந்தால் திரும்ப ஒட்டாது. யாருக்கும் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு மட்டும் சொன்னேன். "அம்மா, அஞ்சாயிரத்துக்கு விடுவாங்களா? பத்துக்குப் போகும்" என்றாள். எனக்கும் அந்தப் பயம்தான். கையில் இருந்தது அந்த ஐயாயிரம்தான்.

அன்றைக்குக் காலையில் கரையைப் பார்க்க வேண்டுமே. போட்டுகள் வரிசையாக வந்து மணலில் மூக்கைக் குத்தி நின்றன. பாதிரியாரும் பூசாரியும் ஒரே குடையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் அலைக்குத் தடுப்பாகப் போட்ட கல் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஆறு கிலோ இருக்கும், ஒரு வஞ்சிரம், பளபளவென்று, வேப்பிலைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். ஏலம் கூவுகிற அக்காவுக்கு எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊர் மீனு! ஊர் மீனு! கேக்கறவங்கோ கேளுங்கோ!" என்று ஆரம்பித்தாள்.

முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது பெரிதாக ஆரம்பித்துவிடுவதற்குள் இடம் பிடித்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். கல்மேலிருந்து குதித்து இறங்கினேன். "ஐநூறு!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். கரை கப்பென்று அடங்கிவிட்டது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லாமல் எல்லாவற்றையும் யோசித்தவள், இந்த ஒன்றை யோசிக்கவில்லை. நான் கேட்டுவிட்டால் எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது! பத்தாயிரத்துக்குப் போகுமே என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது ஐநூறு ரூபாய்க்கு ஊர் மீன் என் தலையில் விழப்போகிறது. கூரைக்குப் பணம் இல்லாத ஊரிலிருந்து ஆறு கிலோ வஞ்சிரத்தை ஐநூறுக்கு அமுக்கிக்கொண்டு போனவள் என்று முதல் வரியில் எழுதுவார்கள். வரி கட்ட வந்தவள் பிச்சை வாங்கிக்கொண்டு போகப் போகிறேன்.

முதலாளிகள் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்தில்கூட வருத்தம் இல்லை. என்ன மனுஷர்களோ! அந்த நிமிஷம் அவர்கள் எல்லாரையும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

"ஐநூறு ஒருதரம்..." என்றாள் அக்கா, தலைவரைப் பார்த்துக்கொண்டே. தலைவர் தரையைப் பார்த்தார். "ஐநூறு ரெண்டுதரம்..."

"ஆயிரம்!" என்றேன் நான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, நீதானே ஐநூறு கேட்ட? உனக்கு எதுரா யாரும் கேக்கலியே."

"நான் கேக்கறேன். எழுதிக்கோ. ஆயிரம்."

"உன்ன நீயே எதுத்துக் கேக்கறியா?"

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் கீதா?"

கல் சுவர்மேல் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே மொத்த சுவரும் சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடு. ஆனால் தண்ணீரில் இறங்கியாயிற்று, இனி முழங்கால் என்ன, இடுப்பு என்ன? "ஆயிரத்தி ஐநூறு" என்றேன். அக்கா, "ஆயிரத்தி ஐநூறு ஒருதரம்" என்றாள். "ரெண்டாயிரம்" என்றேன். பாதிரியார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கருவாட்டுப் பெரியம்மா மேலிருந்து, "அய்யே, பைத்தியம் புட்சிப் போச்சு இவளுக்கு" என்று கத்தினாள். "ரெண்டாயிரத்தி ஐநூறு" என்றேன். என் பெண் சுவரின் ஓரத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தால் குரல் உடைந்துவிடும் என்று மீனையே பார்த்தேன். "மூணாயிரம்."

மூவாயிரத்துக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. ஒண்டியாக நின்று நமக்கு நாமே விலை ஏற்றுவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் என் நல்லதுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் எழுந்து, "போதும்மா, அதுக்கே தரோம், எட்தும் போ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த விலையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது.

"மூணாயிரத்தி ஐநூறு!"

ஆண் குரல். எல்லாத் தலையும் திரும்பியது. குட்டியானை பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு என் கொழுந்தன்.

கரை முழுக்க ஒரு முணுமுணுப்பு. பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், இன்னாடா, உன் அண்ணியையே எதுத்துக் கேக்கற?"

"ஏலம்னா எதுத்துதான் கேப்பாங்கோ. கம்முனு இரு" என்றார் இவர். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "நாலாயிரம்!" என்றேன்.

"நாலாயிரத்தி இருநூறு."

"நாலாயிரத்தி ஐநூறு!"

"நாலாயிரத்தி தொள்ளாயிரம்" என்றார் அவர், கொட்டாவி விடுகிற மாதிரி.

"அஞ்சாயிரம்!"

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையை விரித்தார். அதில் அன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஓட்டல் பணம் வந்த நாள் அது. மற்ற முதலாளிகள் இப்போது கடலைப் பார்க்கவில்லை, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. "அஞ்சாயிரம் ஒருதரம், ரெண்டுதரம்" என்று அக்கா இழுத்து, கடைசியில் "மூணுதரம்!" என்று கத்தினாள் பாருங்கள், என் காதில் இன்னும் இருக்கிறது.

கணக்கு எழுதுகிறவர் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு தலைவரைப் பார்த்தார். தலைவர் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றார். வழக்கத்தை மீறினால் ஒரு பேச்சு, வழக்கப்படி நடந்தால் ஒரு பேச்சு. கடைசியில், "ஊர் மீன எட்தவங்க பேரத்தான் எழுதணும். அதுவும் வழக்கம்தான்" என்றார். என் பேரை முதல் வரியில் எழுதினார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.

ஊர் மீனை விற்கக் கூடாது, குழம்பு வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். ஐயாயிரம் போனதில்லாமல் புளிக்கும் எண்ணெய்க்கும் வேறு செலவு என்று முணுமுணுத்துக்கொண்டே ஆக்கினேன். சாயங்காலம் கொழுந்தன் வந்தார். தட்டு வைத்தேன். இரண்டு துண்டு வைத்தேன், மூன்றாவது வேண்டாம் என்றார், வைத்தேன்.

"எதுக்கு தம்பி எதுத்துக் கேட்டீங்க?" என்றேன்.

"நீ ஒண்டியா கூவிகினு நின்னியே அண்ணி. பாக்க முடியல" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் வேற, நீ வேறயான்னு அன்னிக்கு கோச்சிகினேன். வேறயாவே இருக்கட்டும். எதுத்துக் கேக்கணும்னா எதிர்ல ஒரு ஆள் இருக்கணும்ல" என்றார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாளிலிருந்து கரையில் எனக்குச் சலுகை போய்விட்டது. யாரும் சொல்லவில்லை, தானாகவே நடந்தது. நெத்திலிக் கூடைக்கு நான் அறுநூறு என்றால் ஒருவன் எழுநூறு என்றான். முதல் வாரம் இரண்டு நாள் வெறும் அன்னக்கூடையோடு வீட்டுக்குத் திரும்பினேன். வயிறு எரிந்தது. கருவாட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் பழையபடி யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. வரி கட்டினவள் ஏலத்தில் சமம், கட்டாதவளுக்குப் பழைய வழக்கம் என்று தலைவர் தீர்த்துவிட்டார். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கட்டினார்கள். மற்றவர்கள் கட்டவில்லை. அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். அடுப்பு எரிக்கிறவளுக்குத்தான் விறகு விலை தெரியும்.

கூடம் எழும்பியது. கூரை ஒழுகாது, வாசல் கொஞ்சம் சின்னது; அண்டாவைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். என் பெண்ணின் நிச்சயம் அதில்தான் நடந்தது. தாம்பூலத் தட்டோடு தலைவர் எழுந்து, என் பேரைச் சொல்லி, "வூட்டுப் பொண்ணு" என்று கூப்பிட்டார். கொழுந்தன்தான் முதலில் எழுந்து வழிவிட்டார். என் பெண் என்னைத் தாண்டிப் போகும்போது என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். நான் நன்றாக இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. பந்தியில் சாம்பார் உப்பு கரிக்கிறது என்று சமையல்காரரோடு சண்டைகூடப் போட்டேன்.

கல்யாணமும் முடிந்து அவள் விம்கோ நகருக்குப் போனாள். இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். கல்யாணச் செலவில் கை முழுக்கக் காலி. அந்த ஆடி மாதம், மீன் வரத்து இல்லாத ஒரு மத்தியானம், திருவிழா வரி வசூலிக்கிற ஆள் ரசீது புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, வரி. தலைக்கட்டுக்கு ஆயிரம்."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். "வலையில ஒரு கவலை மீன்கூட வுழுவல, இந்நேரம் பாத்து வரியா? எங்கிட்ட ஒத்த ரூபா இல்ல. கல்யாணம் முடிச்சு மூச்சு விட்டுகினு கீறேன். அடுத்த மாசம் வா. உங்க தலைவராண்ட போய்ச் சொல்லு, கொஞ்சமாவது மனசு வெச்சுகினு வசூல் பண்ணச் சொல்லு" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் அசரவில்லை. ரசீது புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலுத்துப்போன குரலில் சொன்னார்:

"எல்லா வூட்லயும் இதேதான்க்கா சொல்றாங்கோ."

அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினேன்.